எவ்வளவு பழசு?

வான் கதவு திறக்க ஒன்பது பேர் இறங்கினம்.
தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தண்ணிப் போத்தல்.
மணல்காட்டு மணலில முதலடி வைச்ச எல்லாரும்
செய்யிறதைத்தான் இவையும் செய்யினம்:
செருப்பைக் கழட்டி, சுடுகுதெண்டு
திரும்பப் போடுகினம்.

நான் சவுக்கு நிழலில.
பத்துப் பன்னிரண்டு இளநீர், ஒரு கத்தி,
சில்லறைக்குப் பழைய பால்மா ரின்.

கூரையில்லாத கோயிலுக்கு முன்னால நிண்டு
கிளரன்ஸ் பாடமாக்கினதை ஒப்புவிக்கிறான்.
"மணல் விழுங்கின கோயில்" எண்ட இடத்தில
நேற்று விட்ட அதே பெருமூச்சு.
அவை சுவரைத் தொடுகினம். உதிருது.
விரலைப் பார்க்கினம்.

நானும் ஒருக்கால் அப்பிடிப் பார்த்தனான்.

ஜோர்தானுக்கு வீட்டு வேலைக்குப் போய் மூண்டாம் வருசம்.
மேடத்தின்ர தங்கச்சி வெளியில இருந்து வந்தவா,
பெட்ரா பார்க்கவேணுமாம்.
பிள்ளை தூக்க ஆள் தேவை, என்னையும் ஏத்தினவை.
வாசலில, எனக்கு ரிக்கற் எடுக்கிறதோ விடுறதோ எண்டு
கொஞ்ச நேரம் கதைச்சவை.
எனக்கு அந்தப் பாஷை விளங்காதெண்டு நினைப்பு.

ரெண்டு மலைக்கு நடுவில ஒடுக்கமான பாதை.
மேல வானம் ஒரு நாடா அகலம்.
லயான் என்ர தோளில வாணி வடிய நித்திரை.
வளைவு, வளைவு, பிறகும் ஒரு வளைவு,
சடாரெண்டு
மலையில செதுக்கின முகப்பொண்டு.
ரோசாப்பூ நிறம் எண்டு மற்றவை சொன்னவை.
எனக்கு அது
அப்பதான் அறுத்த சூரை மீன்ர உள்நிறம்.

உச்சியில ஒரு கல்லுக்குடம். குடத்தில பொள்ளல்கள்.
உள்ள பொன் இருக்கெண்டு
ஆரோ ஒரு காலத்தில சுட்டுப் பார்த்தவையாம்.
கூட்டம் வாயைப் பிளந்தது, படம் எடுத்தது.
எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, சத்தமா.
மேடம் திரும்பி முறைச்சா.
எப்பிடிச் சொல்லுறது அரபில,
இந்தப் பொள்ளல் எங்கட பள்ளிக்கூடச் சுவரில இருக்கு,
தண்ணித் தாங்கியில இருக்கு,
அக்காவின்ர சீதன அலுமாரியின்ர முதுகில இருக்கு,
அண்ணாந்து பார்க்க அங்க ஒருத்தரும் வாறேல்லை எண்டு?

மத்தியானம் வெயில் தாங்கேலாமல்
ஒரு குகைக்குள்ள இருந்தனாங்கள், நானும் பிள்ளையும்.
குபூசும் அவிச்ச முட்டையும்.
பிள்ளைக்கு மூக்குத் துடைச்சன்.
செருப்பு மண்ணை அந்தச் சுவரிலயே தட்டினன்.
முட்டைக்கோதை மூலைக்குள்ள தள்ளிவிட்டன்.
திரும்பி வரேக்க, காருக்குள்ள,
தங்கச்சிக்காரி ஆருக்கோ சொன்னா,
அந்தக் குகையெல்லாம் கல்லறை எண்டு.

இப்ப
ஒன்பது பேரில ஒருத்தி, நல்ல உயரம்,
தோள் வெயிலில சிவந்து உரிஞ்சது,
கோயிலைத் தாண்டிச் சவக்காலைக்கு வந்திட்டாள்.
சிலுவையள் கழுத்தளவு மணலுக்குள்ள.
ஒண்டில முதுகைச் சாய்ச்சு இருந்து
சப்பாத்தைக் கழட்டி உதறுறாள்.
பைக்குள்ள இருந்து ஒரு வாழைப்பழம் வெளியில வருது.

அது றெமீசியஸ். என்ர தம்பி.
நத்தாருக்கு அடுத்த நாள் காலமை
கரையில இருந்து வலை பொத்தினவன்.

எழும்பிப் போனன். பாதி வழியிலதான் கண்டன்,
கையில கத்தி.
கிளரன்ஸ் மூச்சுவாங்க ஓடி வாறான்.
அவள் என்னைப் பார்த்துச் சிரிச்சு
சிலுவையைத் தட்டி ஏதோ கேட்டாள்.
"எவ்வளவு பழசெண்டு கேக்கிறா, அக்கா."

இருபத்திநாலு எண்டு சொல்லு.

சொன்னான்.
அவள் சிலுவையைப் பார்த்தாள், கோயிலைப் பார்த்தாள்,
கணக்கு ஒத்துவரேல்லைப் போல.
பழத்தை மென்டு முடிச்சாள்.
தோலை எங்க போடுறதெண்டு தெரியாமல்
அங்கயும் இங்கயும் பார்த்தாள்.

கத்தியை இடக்கைக்கு மாத்தி
வலக்கையை நீட்டினன்,
தா எண்டு.