யார் பெயருக்கு

பள்ளத்தூர் போகும் டவுன் பஸ்
இன்று மாலை ஐந்து நாற்பதுவரை
எங்கள் டிப்போவுக்குச் சொந்தம்.
அதற்கப்புறம், சுற்றறிக்கைப்படி,
சென்னையில் பலகை மட்டும் மாட்டியிருக்கும்
ஒரு சொத்துக் கழகத்துக்கு.

அரசு கடன் வாங்கும்.
அந்தக் கடனில் கழகம் வண்டியை வாங்கும்.
வாங்கிய வண்டியை எங்களுக்கே வாடகைக்கு விடும்.
வாடகைக்கு எங்களிடம் ஏது?
அதற்கும் அரசு தரும்,
அதையும் கடன் வாங்கித்தான்.

நான் உமையாள்,
காரைக்குடி டிப்போ, கணக்குப் பிரிவு, மூன்றாவது மேசை.
பற்றையும் வரவையும் கூட்டி
ஐந்தொகை இழுத்தேன்.
பைசா பிசகாமல் நேராகிவிட்டது.
அதுதான் பயமாயிருக்கிறது.

வட்டி தெரியாத தெரு
இந்த ஊரில் கிடையாது.
கடன் என்று எவன் வந்து நின்றாலும்
முதல் கேள்வி, எவன் தலையில் விழும்?
சுற்றறிக்கையில் தலை இல்லை.
கையெழுத்துக்குக் கீழே பதவி மட்டும்.

சூசைராஜ் வசூல் பையைக் கொட்டுகிறார்.
கோட்டையூரில் ஏறிய சித்தாள் பெண்கள் ஒன்பது பேர்,
ஒன்பது கட்டணமில்லாச் சீட்டு.
பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது,
வண்டி யாருடையது என்று
அவர்கள் கேட்கவில்லை.

டிரைவர் கேட்டார்:
"வைப்பர் ஓடலை மேடம்,
மூணு மாசமா எழுதிக் குடுக்கேன்.
இனி யாருக்கு எழுதணும்?"

வெளியே தூறல் பிடித்துவிட்டது.
என் பர்சிலிருந்து இருநூற்று நாற்பது எடுத்துக் கொடுத்து
துண்டுச்சீட்டில் எழுதினேன்:
கைமாற்று.
யார் பெயருக்கு என்ற இடத்தில்
பேனா
நின்றுகொண்டிருக்கிறது.
ஐந்து முப்பத்தெட்டு.