நாலாயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலே

வாசலில் கைப்பட்டி கட்டுகிற பெடியன் ஏதோ கேட்கிறான்.
உதடு "தனியாவா?" என்கிறது, அல்லது "தண்ணியா?"
இரண்டுக்கும் பொருந்துகிற தலையாட்டல் ஒன்று
என்னிடம் உண்டு.
பட்டி செம்மஞ்சள்.
மகரகமையில் கட்டியது வெள்ளை,
என் பேரில் ஓர் எழுத்துப் பிழையோடு.

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் இரண்டாம் சனி
புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கும் றொக் இரவு.
நுகேகொடையில் நூற்று முப்பத்தெட்டைப் பிடித்து
நகர மண்டபத்தடியில் இறங்கினால்
பூங்கா மரங்களுக்கு மேலால் மேடை வெளிச்சம் தெரியும்.
ஆறாவது தரம் வருகிறேன்.
காது கேளாதவளுக்கு என்ன கொன்சேர்ட் என்று
அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டிருக்கலாம்,
என் முதுகுப் பக்கமாக.

பதினேழு வயதில் ஏற்றிய மருந்து
கட்டியைக் கரைத்தது.
போகிற போக்கில்
காதுக்குள் இருந்த நுண்மயிர்களையும் கரைத்தது.
தலைமயிர் திரும்ப வந்தது, முன்பைவிடச் சுருளாக.
"மற்றது வராது" என்றார் டொக்டர் ஜெபரட்ணம்,
வரைபடத்தை என் பக்கம் திருப்பி.
கோடு கொஞ்சத் தூரம் சமதரையில் நடந்து
ஹப்புத்தளை றெயில் பாதையோரம் போல
ஒரே விழுக்காடு.
நாலாயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமில்லை:
சில்வண்டு இல்லை,
மைக்றோவேவ் சோறு சூடானதைச் சொல்லாது,
சகரம் இல்லை.
சசி என்று அம்மா கூப்பிட்டால்
அஇ என்று வருகிறேன்.

ஸ்பீக்கர் அடுக்குக்கு ஆறடி தள்ளி
செருப்பைக் கழற்றி நிற்கிறேன்.
புல் ஈரம்.
பேஸ் கிற்றார் நிலத்தால் வருகிறது,
கணுக்கால், முழங்கால்,
பிறகு அடிவயிற்றுத் தழும்பு.
மற்ற இடங்களுக்கு முன்னால் தழும்புக்கு
மெட்டு விளங்கிவிடுகிறது.
ட்ரம்ஸ் அடிக்கிறவன் கொட்டாஞ்சேனை டெரன்சன்,
பகலில் துறைமுகத்தில் கொள்கலன் எண்ணுகிறவன்.
அவனுடைய பெரிய ட்ரம் முழுசாக எனக்கு.
சிம்பல், நடுங்குகிற ஒரு பித்தளைத் தட்டு.
கிற்றார்க்காரர் தனியே தொடங்குகிறார்,
உச்சத்துக்கு, அதற்கும் உச்சத்துக்கு,
சனம் கையைத் தூக்குகிறது.
நான் காண்பது:
கண்ணை மூடிய வழுக்கைத் தலையர் ஒருவர்
கம்பிக்குள் எதையோ அவசரமாகத் தேடுகிறார்.
கிடைத்துவிட்டது போல.
எல்லாரும் கத்துகிறார்கள்.

இடைவேளையில் திரை எரிந்தது.
இந்த வருடக் காசு எதற்கென்று மூன்று மொழியில்:
மருந்து ஏற்றிய பின்னர் கொடுக்கும் ஓர் உப்புக் கரைசல்
பிள்ளைகளின் செவியைக் காக்குமா?
எண்பது பிள்ளைகள். மூன்று வருடம்.
தமிழில் "கேட்டல் இழப்பு"
ஓர் அரவு கூடி
"கேட்டால் இழப்பு" என்று நின்றது.
நான் மட்டும் சிரித்தேன்.
பிறகு எரிச்சல் வந்தது, ஒளிக்க மாட்டேன்.
எண்பதில் நான் இல்லை.
உண்டியல் பக்கத்தில் வந்தபோது
சாட்டுக்குக் கைபேசியைப் பார்த்தேன்.
அது இரண்டு வரிசை தாண்டிய பிறகு
ஆட்களை இடித்துக்கொண்டு பின்னால் ஓடி
ஐயாயிரத்தை மடித்துப் போட்டேன்,
கோபமாகத்தான்.

மறுபடி ட்ரம்.
நிரோமி என் தோளைத் திருப்பி ஏதோ கத்துகிறாள்.
எனக்குக் கேட்கவில்லை.
நான் கத்துவது அவளுக்கும் கேட்கவில்லை!
சுற்றிவரப் பார்க்கிறேன்:
ஆயிரம் பேர் ஆளுக்காள் உதட்டைப் பார்க்கிறார்கள்,
உள்ளங்கையைக் காதில் குவிக்கிறார்கள்,
விளங்காததற்குத் தலையாட்டுகிறார்கள்.
"என்ன?" "மொகத?" "வாட்?"
பதினைந்து வருடமாக நான் பேசுகிற பாஷை.
உச்சரிப்பு இன்னும் சரியில்லை,
பழகுவார்கள்.

பதினொன்றரைக்கு பஸ் தரிப்பிடம்.
எதிர்க் கடையில் கொத்து போடுகிறவரின் தகடுகள்
எனக்கு வெறும் மின்னல்.
நிரோமி தலையைச் சரித்து
குளித்து வந்தவள் மாதிரிக் காதைத் தட்டுகிறாள்.
"உள்ளுக்கு ஏதோ கூவுது சசி. எப்ப நிக்கும்?"
"விடிய நின்றிடும்."
"உனக்கு?"
பஸ் வருகிறது என்று கையைக் காட்டினேன்.
உண்மையில் வந்தது.

உள்ளே பாதிப் பேர் செம்மஞ்சள் பட்டி.
ஒரு பெண் விரலால் காதைக் குடைகிறாள்.
கொண்டக்டர் மிச்சக் காசைச் சொல்கிறார்,
திரும்பச் சொல்கிறார்,
ஒருவருக்கும் கேட்கவில்லை.
நான் அவர் வாயைப் பார்த்து
மற்றவர்களுக்குச் சொன்னேன்:
"நாற்பது ரூபாய்."