நாடா தேய்ந்த இடம்

பாலையூற்றில்
டெரன்ஸின் தகரக் கொட்டகைக்குள்
இருபத்தேழு கதிரை, ஒரு பாய்,
மண்ணெண்ணெயில் இருமும் ஜெனரேட்டர்.
ஊரடங்கு ஆறு மணிக்கென்றால்
கொலை மூன்றரைக்குத் தொடங்கும்.

படத்தின் பெயர் சொல்லி யாரும் கேட்டதில்லை.
'தபால்காரன் வெட்டுறது இருக்கோ,
மூண்டாம் பாகம்?'
டெரன்ஸ் கொப்பியிலும்
அப்படியேதான் எழுதி வைத்திருந்தான்.

வாசல் ஆவென்று திறந்து கிடக்கும்.
அந்தப் பெட்டை மாடிப்படியில் ஏறுவாள்.
'எடியே மூதேவி, வெளியால ஓடு!'
கொட்டகை முழுக்க எழும்பி நிற்கும்.
மீன்வாடியில் வேலை செய்யும் நிஸ்தார்
முகத்தைப் பொத்திக்கொண்டு
'முடிஞ்சுதா, முடிஞ்சுதா' என்பான்.
பொத்திய விரல்களின் நகக்கண்ணில்
காலையில் வெட்டிய சூரையின் ரத்தம்
அப்படியே இருக்கும்.

கொலைகாரன் ஓடமாட்டான், கவனித்தீர்களா?
ஓடுகிறவர்கள்தான் தடுக்கி விழுவார்கள்.
அவன் நடப்பான்,
மாதக் கடைசியில்
சம்பளம் எடுக்கப் போகிறவனைப் போல.

ஒரு சுற்றிவளைப்பில்
பள்ளிக்கூட மைதானத்தில்
வரிசையாய் நிற்க விட்டார்கள்.
ஜீப்பில் இருந்தவனுக்குத்
தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு.
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
நெஞ்சில், சீனி மூட்டையின் எழுத்து
தலைகீழாக.
அவனும் அவசரப்படவில்லை.
கத்தி கிடையாது.
தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.
டெரன்ஸின் படமென்றால்
வயலின் இழுக்கத் தொடங்கியதுமே
கால்களை மடக்கி ஆயத்தமாகியிருப்போம்.
அன்று ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

அடுத்த கிழமை கொட்டகை நிரம்பி
பாயிலும் இடமில்லை.
சாக்கைப் பார்த்துவிட்டு வந்த சனம்
காசு கொடுத்து முகமூடியைப் பார்த்தது,
கச்சான் உடைத்தபடி.
எனக்கு அப்போது விளங்கவில்லை.
இப்போது மட்டும்
முழுதாக விளங்கிவிட்டதென்றும் இல்லை.
படத்தில் அவன் ஒருத்தன்தான் என்பதாலா?
கடைசி ரீலில்
யாராவது அதைக் கழற்றி
முகத்தைக் காட்டுவார்கள் என்பதாலா?
செத்தவன் அடுத்த பாகத்துக்கு
எழும்பி வருவான். அதுவுமா?

டெக்கின் ஹெட் துடைப்பது என் வேலை.
ஓடிக்கொலோனில் நனைத்த பஞ்சு,
பழைய பல்லுத்தூரிகை.
பின்னோக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்த இடத்தில்
நாடா தேயும், திரையில் பனி கொட்டும்.
குளிக்கிற காட்சியில் பனி.
கோடரி இறங்குமிடத்தில் பனி.
ஊர் எங்கே விரல் வைத்ததென்று
எனக்குத் தெரியும்,
யாரிடமும் சொன்னதில்லை.

தபால்காரனின் மூன்றாம் பாகத்தில் மட்டும்
எல்லாம் முடிந்த பிறகு தேய்ந்திருந்தது.
விடிகிறது. அம்புலன்ஸின் பின்படியில்
தப்பிய பெட்டை, போர்வைக்குள்.
யாரோ பெயர் கேட்கிறார்கள்.
கையில் ஒரு கோப்பை கொடுக்கிறார்கள்.
கொப்பியைப் புரட்டினேன்:
பதினொரு தடவை
மட்டிக்களி, புவிராணி.
மைதானத்தில் எனக்கு இரண்டு பேர் தள்ளி நின்றவள்.
சாக்கு ஆடியது
அவளுடைய தம்பிக்கு.

திருப்பிக் கொண்டுவந்த அன்று
கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்.
'அந்தக் கோப்பைக்குள்ள
தேத்தண்ணியோ கோப்பியோ எண்டு பாக்கிறன்.
பாக்கப் பாக்க மங்குது' என்றாள்.
தாமதக் கட்டணம் ஐந்து ரூபாயை
எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

போன வெள்ளிக்கிழமை
டச்சுபே மணலில் வெள்ளைத் துணி கட்டி
பதினோராம் பாகம் போட்டார்கள்.
நடிகன் புதிது, கத்தி பழையது.
டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள்
புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
'வெளியால ஓடுடி!' என்றார்கள்.
அதே இடத்தில், அதே ஆத்திரத்தோடு.
திரைக்குப் பின்னால்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
கொம்பு நிழலோடு குறுக்கே போக
கடற்கரை அலறியது,
பிறகு தன்னைத்தானே பார்த்துச் சிரித்தது.

விடிந்தது. அம்புலன்ஸ் வந்தது.
போர்வையின் ஒவ்வொரு நூலும் தெரிகிற துல்லியம்.
நான் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனேன்.
'அன்ரி, மறைக்குது' என்றது ஒரு குரல்.

கோப்பை வெறுமை.
குடிப்பதுபோல நடிக்கிறாள்.

புவிராணி கனடாவில் என்கிறார்கள்.
விலாசம் எடுக்கலாம்.
எடுக்கமாட்டேன்.

மான் கச்சான் சுற்றிய கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது.
பன்னிரண்டாம் பாகம்
அடுத்த வருசமாம்.