பதினொரு சுற்று

திங்கள் முதல் வெள்ளிவரை
எனக்க வண்டிக்கு ஓர் உயரம்.
சனிக்கிழமை சாயங்காலம் வேறு.
நடுவில் பதினொரு சுற்று,
ஒரு கொக்கி ஸ்பேனர்,
மண்ணெண்ணெய் போட்டும் போகாத விரல்கறுப்பு.

தோஹாவுக்கு விமானம் ஏறுகிறவன்
அவசரத்தில் விற்றுப்போன சிவப்பு ஹாட்ச்பேக்.
கையால் கியர் போடும் வண்டி.
"ஆட்டோமேட்டிக் எடுத்திருக்கலாமே பிள்ளே"
என்றார்கள் எல்லாரும்,
எக்ஸ்ரே அறை வாசலில்
வரிசையில் நின்ற ஒருத்தர்கூட.
இடது காலும் என் கால்தானே,
அது மட்டும் சும்மா இருக்கவா?

சீட்டு விழுந்த மாசம் காயிலோவர்.
கியர்க்கம்பியைக் குட்டையாக்கியது
தக்கலை றெஜின்; காசு இன்னும் பாக்கி.
இரண்டிலிருந்து மூன்றுக்கு இப்போது
மணிக்கட்டை அசைத்தால் போதும்,
தீப்பெட்டி மூடுகிற சத்தம்.

குலசேகரத்திலிருந்து நாகர்கோவில்வரை
வேகத்தடைகளை நான் எண்ணியதில்லை.
வண்டியின் எண்ணெய்ச்சட்டி எண்ணியிருக்கிறது.
வேர்க்கிளம்பி தாண்டி, குருசடிப் பக்கம்
யாரோ இராவோடு இராவாகக்
கான்கிரீட் கொட்டிக் கட்டிய ஒன்று உண்டு.
அதில் குறுக்காகத்தான் ஏற வேண்டும்:
வலது சக்கரம்,
ஒரு மூச்சு,
இடது.
பின்னால் வரும் பஸ்காரன் அடிக்கிற ஆரனில்
என் அப்பன் பெயரும் உண்டு.

மார்த்தாண்டத்தில் மண்டப மைதானம்.
ஞாயிறு பத்து மணி வெயில்.
சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவே
ஒரு விரல் நுழையாது,
நான் நுழைத்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும்.
வெள்ளைக் கையுறை போட்ட நடுவர்
பானெட்டுக்குள் டார்ச் அடித்தார்,
தலையாட்டினார்.
வெல்டிங்கைத் தடவினார்,
"ஆரு செய்தது, கொள்ளாமே" என்றார்.
றெஜின் தரையைப் பார்த்தான்.
பிறகு அவர் டிக்கியைத் திறந்தார்.
திறந்த வேகத்தில் பின்வாங்கினார்.

"என்ன நாற்றம் இது?"

ஒட்டுப்பால்.
நாற்பது மரம் எங்களுக்கு.
வெட்டுகிறவருக்குப் பாதி, எங்களுக்குப் பாதி.
வியாழன்தோறும் சாக்கில் கட்டிக்
கடைக்குக் கொண்டுபோவது இதே டிக்கியில்தான்.
மூன்று ஷாம்பு, ஒரு கிலோ காப்பித்தூள்,
ஒரு ராத்திரி முழுக்கத் திறந்த கதவு,
எதற்கும் அசையாத நாற்றம்.
டர்போவுக்கு மேப் போட்ட காசும்
அந்தச் சாக்கிலிருந்துதான் வந்தது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் நான்கு மார்க் குறைத்து எழுதிவிட்டார்.

முதல் பரிசு லாரியில் ஏறி வந்த வெள்ளி வண்டிக்கு.
அதன் மீட்டரில் அறுநூறு கிலோமீட்டர்.
என் மீட்டரில் தொண்ணூற்றோராயிரம்.
எனக்கு ஆறாமிடம்.
சிரித்தேன் என்று எழுதலாம்.
சிரிக்கவில்லை.
எனக்கு அந்தக் கோப்பை வேண்டியிருந்தது.

திரும்பும்போது ஆற்றூர் தாண்டி மழை.
ரப்பர் தோட்டத்து வளைவில்
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்;
வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது.
"டிக்கிக்கு ஒரு புது கார்ப்பெட் போடுவோமா?" என்றான் றெஜின்.
"வியாழக்கிழமை வருமே" என்றேன்.
அதற்குப்பிறகு திருவட்டாறுவரை
வைப்பர்தான் பேசியது.

திங்கள் விடியல் ஐந்து மணி.
ஜாக்கி ஏற்றி, போனின் வெளிச்சத்தைப்
பல்லில் கடித்துக்கொண்டு
இடப்பக்கம் பதினொரு சுற்று.
வலப்பக்கம் ஒன்பதாவது சுற்றில்
போன் என் வாய்க்குள்ளேயே அடித்தது:
பைக் விபத்து, இரண்டு பேர், உடனே வா.
சக்கரத்தை மாட்டி
அப்படியே எடுத்தேன்.
இருபது மைலும் வண்டி
வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே ஓடியது.
குருசடித் தடையில் மட்டும் ஒரு உரசல்.

பைக்காரர்கள் உள்ளே போனபின்
முதலில் வந்தது ஒரு பெரியவரின் முதுகெலும்பு.
கறுத்த விரலால் பிளேட்டைச் சரிசெய்து,
"சாயாமல்
நேரா நில்லுங்க" என்றேன்.