நீலத்துக்கு ஒரு அறை

முப்பத்திரண்டாயிரம் என்றார் தக்கலை பட்டறைக்காரர்,
காரைச் சரியாகப் பார்க்காமலே.
அவர் பார்த்தது கதவில் எழுதியிருந்த
‘பெண்களுக்கான ஓட்டுநர் பயிற்சி’ என்ற வரியை.
நானே அடித்துக்கொள்கிறேன் என்று வண்டியைத் திருப்பினேன்.
இரணியல் வருவதற்குள்
கோபம் தீர்ந்து பயம் வந்துவிட்டது.

கார் ஷெட் என்பது மூன்று பக்கம் சுவர்,
மேலே ஆஸ்பெஸ்டாஸ், முன்பக்கம் முழுக்க ஊர்.
பின்னால் ரப்பர் தோட்டம்.
மாசியில் பால்வெட்டு கிடையாது,
பூ மட்டும் மஞ்சள் மாவாக உதிரும்,
ஈரமாக எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

பழைய பிளம்பிங் குழாய் ஒன்பது,
சைக்கிள் டியூபை அறுத்த வார்,
மரத்துக்கு மழைக்காலத்தில் உடுத்திவிடும் பாலித்தீன்
மிச்சச் சுருள் ஒன்று.
‘ரப்பருக்குக் கெட்டுனத காருக்குக் கெட்டுதியளா டீச்சரே’
என்று கேட்டபடி
தோட்டத்து ரெத்தினராஜ் தலையில் தூக்கிவந்து போட்டார்.

முதலில் விசிறியை வெளியே ஊதுமாறு வைத்தேன்.
சுவிட்சைப் போட்டதும்
நான்கு சுவரும் உள்ளே வந்தன,
பஸ்ஸில் பின்னால் நிற்கிறவன் வருவதுபோல.
தரையோரத் தூசி முழுக்க
இடுக்கு வழியாக வந்து கூடியது.
மோட்டாரில் ஒரு பொறி பறந்தால்
தின்னர் ஆவி என்ன செய்யும் என்பது
ராத்திரி பதினொன்றுக்குத்தான் உறைத்தது.
எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் விசிறியை வெளியே வைத்து
உள்ளே ஊதவிட்டேன்.
அதன் முகத்தில் மஸ்கட்காரரின் வேட்டி, இரண்டு மடிப்பு.
கீழ் மூலையில் காற்று வெளியேற ஒரு சன்னல்.
அறை மெல்ல உப்பியது.
எல்லாச் சுவரும் என்னைவிட்டு
ஒரு சாண் தள்ளி நின்றன.
இந்த வீட்டில் யாரும் எனக்கு
இப்படி வழிவிட்டதில்லை.

உப்புத்தாளும் தண்ணீரும் இரண்டு நாள்.
முன் பம்பர், பிரேக் என்று நினைத்து
ஆக்சிலேட்டரை மிதித்த பெனிலா.
இடது கண்ணாடிக்குக் கீழே
திங்கள்சந்தையில் வாழைக்குலை வண்டி,
அன்றைக்கு ஓட்டியது ஜெபக்கனி,
இறங்கி அழுதவள், பிறகு குலைக்கு விலைபேசியவள்.
பின்கதவுக் கோடு மட்டும் யாருடையதென்று தெரியவில்லை.
என்னுடையதாக இருக்கலாம்.
அதையும் தேய்த்தேன், கொஞ்சம் அவசரமாக.

பஞ்சர் கடை கம்ப்ரசர் உறுமும்போதெல்லாம்
பக்கத்து வீட்டு சைலஸ் மாமாவின் டிவி மங்கும்.
மதிலுக்கு மேல் அவர் தலை வரும், போகும்.
தரையை நனைத்தேன். முகமூடியை இறுக்கினேன்.
விளிம்புக்கு வெளியே தொடங்கணும்,
ஒரே வேகம், நடுவில் நிற்கக் கூடாது,
கையைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார்.
இதைத் தினமும் எட்டுப் பேருக்குச் சொல்கிறேன்.
எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் பூச்சில் ஒரு துளி வடிந்தது.
துடைக்கப் போன விரலை
அந்தரத்திலேயே நிறுத்திவைத்தேன்.
ஃபோன் அடித்தது, மஸ்கட்.
‘ஒரு ஆள விட்டுச் செய்யப்படாதா?’
முகமூடிக்குள்ளிருந்து ம் என்றேன்.
அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு
தூங்கப் போயிருப்பார்.

ஒரு கொசு பானட்டில் உட்கார்ந்தது.
மிச்ச ஆயுளை அங்கேயே கழித்தது.

காலையில் பாலித்தீனை விலக்கினேன்.
டப்பாவில் பார்த்ததைவிட ஒரு நிழல் அதிக நீலம்.
மூக்கைச் சிந்தினால் அதே நீலம்.
வடிந்த துளி கதவுப்பிடிக்கருகே
அப்படியே நின்றிருந்தது,
சொல்ல வந்ததை மறந்தவன்போல.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு
வில்லுக்குறியிலிருந்து புதிதாக ஒருத்தி, ஷைபி.
சாவியை வாங்காமல் காரையே பார்த்தாள்.
‘புதுசாட்டு இருக்கே அக்கா.
நான் இடிச்சுப்போட்டா என்ன செய்ய?’

ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன்.
இன்னும் பிரிக்கவில்லை.
கிளட்சை மிதி, என்றேன்.