மூன்றடி பிசகு

பத்திரத்தில் நான்கு எல்லை.
நான்கிலும் பக்கத்து மனைக்காரர்கள் பெயர்.
தண்ணீரின் பெயர் இல்லை.

பெருமாள்புரம் தாண்டித் தெற்கே
ஐந்தரை சென்ட்.
முதல் நாள் நான் டேப்பை எடுக்கவில்லை.
கோரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது,
நண்டு வளை எதுவரை,
உடைமரத்து முள்ளில் போன வருஷச் சருகு
எவ்வளவு உயரத்தில் சிக்கியிருக்கிறது
(ஒரு முழம்)
இவ்வளவுதான் குறித்தேன்.

பொன்னுலிங்கம் சார் மின்வாரியத்தில் கணக்கர்.
மனைக்குக் குறுக்கே ஒன்பதடி விடவேண்டும் என்றதும்
பெருக்கிப் பார்த்தார்.
"இந்த விலைக்கு வாங்கிச் சும்மா போடவா?"
சும்மா இல்லை சார்,
மேட்டுத் தெரு மழை குளத்துக்குப் போகிற வழி.
"கார்ப்பரேஷன்ல வாறுகால் கட்டுவான்லா?"

சண்முகவடிவு அக்கா ஒன்றுதான் கேட்டாள்:
"அது வழியா பாம்பும் வருமோ?"
வரும். போகும்.

வீட்டை இரண்டாக்கினேன்.
அடுக்களை அந்தக் கரை, படுக்கையறை இந்தக் கரை,
நடுவே தூண்கள் மேல் ஒரு நடை.
"வீட்டுக்குள்ள பாலமா" என்று சிரித்த
கொத்தனார் இசக்கிப்பாண்டிதான்
மேற்குச் சுவரில் செங்கல்லை விட்டு விட்டு அடுக்கி
"இது மைனாவுக்கு, இது அணிலுக்கு,
இது... எதுக்காவது ஆவும்" என்றார்.
வங்கியிலிருந்து மதிப்பிட வந்தவர்
ஓட்டைகளை எண்ணவில்லை.
பாலத்தை மட்டும்
'பயனற்ற பரப்பு' என்று எழுதிக்கொண்டார்.

ஐப்பசி.
இரவு இரண்டு மணிக்கு போன்.
"வந்துட்டு, பாத்துக்கிடுங்க."
அக்காவின் குரலை மிதித்துக்கொண்டு
தவளைகள்.
"இவிய டார்ச்ச அடிச்சிட்டு
பாலத்துலயே உக்காந்திருக்காவ.
படுக்க வாங்கன்னா வரமாட்டேங்காவ."

விடிந்ததும் போனேன்.
வந்த தண்ணீர் வந்தபடியே போயிருந்தது,
நான் விட்ட வழியில்தான்,
முக்கால்வாசி.
மிச்சம் கடைசித் தூணருகே தெற்கே திரும்பி
காம்பவுண்டு மூலையைத் தின்றுவிட்டு
வண்டலால் ஒரு கோடு இழுத்திருந்தது.
மூன்றடி பிசகு.
என்னுடையது.

வரைபடத்தை பைக் சீட்டில் விரித்துப்
பென்சிலைத் தேடினேன்.
மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.
பொன்னுலிங்கம் சார் அதற்குள்
சாய்ந்து கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
வண்டல் கோட்டுக்கு இந்தப் பக்கமாக
அடுக்கத் தொடங்கியிருந்தார்.
சேற்றில் கொக்குத் தடம்
அடுக்களைப் படிவரை வந்து
யோசித்துத் திரும்பியிருந்தது.

"இருபத்தேழு ஸ்கொயர் ஃபீட்" என்றார்,
என்னிடமா அதனிடமா தெரியவில்லை.