ஆயிரத்துப் பதினேழு

இருபத்தொரு பேர். பட்டியல் ஃபேக்ஸில் வந்தது,
பாதி எழுத்து வழியிலேயே உதிர்ந்து.
கடும்பனி தொடங்குமுன் எல்லோருக்கும் கணக்கு வேண்டும்
என்று அடியில் இயக்குநரின் பச்சை மை.

உலான்பாத்தரில் இரவு பதினொன்று.
வானிலை நிலையக் கட்டடத்திலேயே
கதகதப்பான அறை சர்வர் அறைதான்.
காவலாளி லுவ்சான்கூட தேநீர்க் குடுவையோடு
இங்கேதான் வந்து உட்காருவார்.

ரூட்டாக நுழைகிறேன்.
ஒரு பெயர், ஓர் எண், ஒரு குழு, ஒரு வீடு.
ஆள் வருமுன்னே வீடு வந்துவிடும் இங்கே.
எலும்புக்கூடு என்று ஒரு டைரக்டரி;
அதிலிருந்து மூன்று கோப்புகளைப் பிரதியெடுத்து
வெறும் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போகும் இயந்திரம்.
பாஸ்வேர்டு தற்காலிகம்:
ஒட்டகம், அதன்பின் அவரவர் நிலையத்தின் உயரம்.
முதல்முறை திறந்ததும் மாற்று, மாற்று என்று அதட்டும்.

எனெபிஷ்: 'இவனல்ல'.
ஹூன்பிஷ்: 'மனிதனே அல்ல'.
பிள்ளை தங்காத கூடாரங்களில்
பேயை ஏமாற்ற நாங்கள் வைக்கும் பெயர்கள்.
இயந்திரம் பேயைவிடச் சமர்த்து.
எட்டெழுத்துக்குள் மடக்கி
எல்லோரையும் எடுத்துக்கொண்டது.

ஒன்பதாவது, நெர்கூய். 'பெயரில்லை'.
பிகெர் நிலையத்தின் புதுப் பதிவாளர்.
லுவ்சான் எட்டிப் பார்த்துச் சிரித்தார்:
"பெயரில்லாதவளுக்கும் வீடா?"
இந்த இயந்திரம் பிறந்தபோதே கூடப் பிறந்த பயனர் ஒருவர் உண்டு,
பெயரே 'யாருமில்லை',
வீடு கிடையாது, வாசல் கிடையாது என்றேன்.
அவர் சிரிப்பை நிறுத்திக் குடுவையை மூடினார்.

நெர்கூய்க்கு எண்ணை நான் தரவில்லை.
காலியாய்க் கிடந்ததை எங்கள் பழைய நிரலே எடுத்தது: 1017.
கவனித்தேன்.
கவனித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

வியாழன் காலை தொலைபேசி.
முதலில் கோபியின் காற்று, பிறகு குரல்.
"பொதுக் கிடங்கில் முப்பத்தெட்டு கோப்புகள்
என் பெயரில் இருக்கின்றன. நான் எழுதவில்லை.
அந்த பிப்ரவரியில் நான் கல்லூரியில் இருந்தேன்."

கணக்கை அழித்தால் ஆள்தான் போவான்.
எழுதியவை எண்ணோடு நிற்கும்,
பெயர் இருந்த இடத்தில் வெறும் இலக்கமாய்.
அதே எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்தால்
அத்தனையும் அவருடையது.
பத்திரம் இல்லை, சாட்சி இல்லை,
பட்டா மாற்றிய கைநாட்டும் இல்லை.

மார்ச்சில் அந்தக் கணக்கை அழித்தவள் நானேதான்.
ஷ. ஓசோர். படிவத்தில் காரணம்: பணியிலிருந்து விடுவிப்பு.
நிலையத்து வாசலிலிருந்து பனிக்கோல்வரை நாற்பது மீட்டர்.
புயலில் அவர் அதைத் தாண்டி நடந்துவிட்டார்.

"கடைசிக் கோப்பைத் திறந்துவிட்டேன், மன்னியுங்கள்.
பனி ஆழம், பதினான்காம் தேதி, அதிகாலை இரண்டு மணி.
தேதி இருக்கிறது. நேரம் இருக்கிறது. அளவு இல்லை.
பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்று விட்டிருப்பார்."

நீளமான இரைச்சல். கோடு அறுந்ததோ என்றிருந்தபோது,
"எனக்கு வேறு எண் கொடுங்கள்.
பெயரில்லை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க
எனக்குப் பழக்கம். அவருக்கு இல்லையே."

கொடுத்தேன், 1044.
அவள் வீட்டைப் புது எண்ணுக்கு எழுதி வைத்தேன்.
பிறகு, யாரும் கேட்காத ஒரு வரி:

ஓசோர். 1017. வீடு தேவையில்லை.
உள்ளே விடாத ஷெல்.
பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில்
ஒற்றை நட்சத்திரக் குறி;
எந்தச் சொல் சொன்னாலும் திறக்காது.

கிடங்கைப் பட்டியலிடச் சொன்னேன்.
முப்பத்தெட்டு வரியிலும் அவர் பெயர்.

மாத அறிக்கை திரும்பி வந்தது, பச்சை வட்டத்தோடு:
கேட்டது இருபத்தொன்று. சேர்த்தது இருபத்திரண்டு. விளக்கம்?

பிகெரில் அன்று பனி ஆழம் பதினொரு சென்டிமீட்டர்,
அதிகாலை இரண்டு மணி அளவு.
நெர்கூய் இரண்டேகாலுக்கே அனுப்பியிருந்தாள்.
அதை முதலில் அச்சிட்டேன்.